மெட்ரிக்கில் தவறிய மகன்: டர்பனிலிருந்து ஒரு தாய் கேட்டதற்குப் பதில்

அம்மா, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். கணவர் கோயில் பணிக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள சாட்ஸ்வொர்த் வந்தார். மகன் நான்காம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்து, சென்ற நவம்பரில் மெட்ரிக், அதாவது இங்குள்ள பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு, எழுதினான். ஜனவரியில் வந்த முடிவில் தேர்ச்சி இல்லை. ஆங்கிலம் 52, ஆஃப்ரிகான்ஸ் 34, கணிதம் 21, பிசிக்கல் சயன்ஸ் 26, லைஃப் சயன்ஸ் 43, புவியியல் 38, லைஃப் ஓரியன்டேஷன் என்னும் வாழ்க்கைத் திறன் பாடம் 64. வருடம் முழுவதும் திரும்பப் படிக்க வேண்டுமா, மறுமதிப்பீடு கேட்கலாமா, தமிழை ஒரு பாடமாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா, இல்லை ஊருக்கே அனுப்பிவிடலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பையன் எவ்வளவு பின்தங்கியிருக்கிறான்? அதை இதுவரை யாரும் உங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது.

நானும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பிசிக்கல் சயன்ஸ் நடத்தியவன். விடைத்தாள் திருத்தும் பணியிலும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் மகனின் விடைத்தாளை நான் பார்க்கவில்லை. தேதிகளும் கட்டணங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. அவற்றைப் பள்ளியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்ச்சி விதி அப்படி மாறுவதில்லை. எனவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்றால் ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்கியாக வேண்டும். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதால்தான் உங்களுக்கு மூன்று பாடங்கள் போனதாகத் தெரிகிறது. இந்த நாட்டு விதி வேறு. ஏழு பாடங்களில் தாய்மொழி நிலையில் எடுத்த மொழியில் 40 சதவீதம் வேண்டும். உங்கள் மகனுக்கு அது ஆங்கிலம். வேறு இரண்டு பாடங்களில் 40, இன்னும் மூன்று பாடங்களில் 30. ஆக ஆறு பாடங்கள். ஏழாவது பாடம் தவறினாலும், அதன் பள்ளிப் பணிகளை முடித்துக் கொடுத்திருந்தால் சான்றிதழ் கிடைத்துவிடும். இப்போது பாருங்கள்: ஆங்கிலம் 52, சரி. லைஃப் ஓரியன்டேஷனும் லைஃப் சயன்ஸும் நாற்பதைத் தாண்டிவிட்டன. ஆஃப்ரிகான்ஸும் புவியியலும் முப்பதைத் தாண்டிவிட்டன. குறைவது முப்பது மதிப்பெண் நிலையில் ஒரே ஒரு பாடம். கணிதம், பிசிக்கல் சயன்ஸ் இரண்டில் ஏதாவது ஒன்று முப்பதைத் தொட்டிருந்தால் பையன் மெட்ரிக் தேறியிருப்பான்.

அந்த ஒன்று பிசிக்கல் சயன்ஸாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பாடத்தின் மொத்தம் 400: இயற்பியல் தாள் 150, வேதியியல் தாள் 150, பள்ளியில் ஆண்டு முழுவதும் சேர்ந்த மதிப்பெண் 100. 26 சதவீதம் என்றால் சுமார் 104. 30 சதவீதம் என்றால் 120. இடைவெளி ஏறக்குறைய 16 மதிப்பெண், அதுவும் இரண்டு தாள்களில் பிரிந்து கிடக்கிறது. பள்ளி மதிப்பெண் புள்ளியியல் முறையில் சீர்செய்யப்படுகிறது. தேர்வு மதிப்பெண்ணையும், தேர்வுகளின் தரத்தைக் கண்காணிக்கும் உமலூசி என்ற அமைப்பு தரப்படுத்துகிறது. ஆகவே இந்தப் பதினாறு ஓரிரண்டு முன்பின்னாக இருக்கலாம். கணிதத்தில் இதே இடைவெளி 36.

பதினாறு மதிப்பெண் எங்கே கிடைக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முப்பதுக்குக் கீழே நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கடினமான கணக்குகளால் தவறுவதில்லை. எளிய மதிப்பெண்களைத் தாளிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தாளிலும் முதல் கேள்வி சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது; பத்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. இருந்தும் அதில் காலியாக விட்ட தாள்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது வரையறைகள். நியூட்டனின் விதிகள், உந்த அழிவின்மை, டாப்ளர் விளைவு, ஓம் விதி, ஒளிமின் விளைவில் வெளியேற்று ஆற்றல் ஆகியவற்றை எந்தச் சொற்களில் எழுத வேண்டும் என்று கல்வித் துறையின் தேர்வு வழிகாட்டியிலேயே பட்டியல் இருக்கிறது. 'விசை என்றால் தள்ளுவது' என்பது போலச் சொந்த வார்த்தையில் எழுதினால் முழு மதிப்பெண் வராது. அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும். மனப்பாடத்தை இழிவாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. திருக்குறளை ஒப்பித்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வேலையாக இராது.

மூன்றாவது, கணக்குகளுக்கு மதிப்பெண் போடும் முறை. சரியான சூத்திரத்தை எழுதினால் அதற்கே ஒரு மதிப்பெண். எண்களைச் சரியாக இட்டால் அடுத்தது. அலகோடு விடை எழுதினால் இன்னொன்று. சூத்திரங்கள் அச்சிட்ட தாளை வினாத்தாளோடே கொடுக்கிறார்கள். விடை தெரியாவிட்டாலும், எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடித்து எழுதும் பழக்கம் ஒன்றிருந்தால் ஒரு தாளில் ஐந்தாறு மதிப்பெண் சேரும். இயற்பியலில் டாப்ளரும் ஒளிமின் விளைவும் சிறிய பாடங்கள்; இரண்டும் சேர்ந்து முப்பது மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வரும். கேள்விகள் ஒரே அச்சில் வருவதால் பழைய வினாத்தாள் பத்தைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். வேதியியலில் கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடுவது, வினைத்தொகுதியை அடையாளம் காண்பது, கொதிநிலையை ஒப்பிட்டுக் காரணம் எழுதுவது ஆகியவை தவறாமல் வருகின்றன. பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் கல்வித் துறை இணையதளத்தில் இலவசம். 'மைண்ட் த கேப்' என்ற பெயரில் துறையே வெளியிட்ட கையேடுகளும் அங்கே இருக்கின்றன. தாளை எழுதிய பிறகு, விடைக்குறிப்பை வைத்துப் பையனே திருத்த வேண்டும். எங்கே டிக் விழுகிறது என்பதைத் தன் கையால் போட்டுப் பார்த்தவன் அடுத்த தாளை வேறு மாதிரி எழுதுகிறான்.

மறுமதிப்பீட்டுக்கு வருகிறேன். கூட்டலைச் சரிபார்ப்பது ஒன்று, தாளை முழுவதும் மீண்டும் திருத்துவது இன்னொன்று. இரண்டுக்கும் முடிவு வந்த சில நாட்களுக்குள் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். பிசிக்கல் சயன்ஸ் ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள், தவறில்லை. ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஓரிரு மதிப்பெண் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்; பதினாறு மாறியதை நான் பார்த்ததில்லை. கூட்டலில் ஒரு பக்கமே விடுபட்டிருந்தால் நடக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். 21 வாங்கிய கணிதத்துக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

உறவினர்கள் உங்களிடம் 'மார்ச்சில் சப் எழுதலாம்' என்று சொல்லியிருப்பார்கள். அது பழைய கதை; பிப்ரவரி, மார்ச் மாதத் துணைத் தேர்வு இப்போது இல்லை. அதற்குப் பதிலாக மே, ஜூன் மாதத் தேர்வு இருக்கிறது. தவறிய பாடத்தையும் எழுதலாம், தேறிய பாடத்தில் மதிப்பெண் கூட்டவும் எழுதலாம். குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேண்டாம். இரண்டில் நல்ல மதிப்பெண்ணே கணக்கில் நிற்கும். இதில் தவறவிடக் கூடாதது பதிவு. ஜூன் தேர்வுக்கான பதிவு வழக்கமாகப் பிப்ரவரித் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். மறுமதிப்பீட்டு முடிவு வரட்டும், தைப்பூசம் முடியட்டும் என்று காத்திருந்தால் நவம்பருக்குத் தள்ளிப்போய்விடும். இந்த வாரமே பள்ளிக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். போகும்போது இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு பாடத்திலும் பள்ளி மதிப்பெண் தனியாக எவ்வளவு என்ற விவரம். ஜூனில் எழுதும்போது, மொத்தத்தில் 25 சதவீதமான அந்தப் பள்ளி மதிப்பெண் பழையபடியே கூட வரும். பிசிக்கல் சயன்ஸில் அது நூறுக்கு 45 ஆக இருந்தால், தேர்வில் முந்நூறுக்கு 75 எடுத்தால் போதும். அது 25 ஆக இருந்தால் 95 எடுக்க வேண்டும். இலக்கு எது என்று தெரியாமல் படிப்பது வீண்.

ஆகவே வருடம் முழுவதும் பள்ளி உடையில் திரும்பப் போக வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். பள்ளிகளும் வயதையும் இடத்தையும் பார்த்துத்தான் சேர்ப்பார்கள்; சேர்த்தாலும் ஏழு பாடத்தையும் சுமந்துகொண்டு, தன்னைவிட இளையவர்களோடு உட்கார்ந்து, தேறிய பாடங்களையே மறுபடி கேட்க வேண்டியிருக்கும். பள்ளி மதிப்பெண் எல்லாப் பாடத்திலும் அடிமட்டமாக இருக்கிற பிள்ளைக்கு மட்டும் நான் அந்த வழியைச் சொல்வேன், ஏனென்றால் அதைப் புதிதாகச் சேர்க்க வேறு வழி இல்லை. உங்கள் மகன் அந்த ரகம் என்று தோன்றவில்லை. அரசின் இரண்டாம் வாய்ப்புத் திட்டம் 2016 முதல் நடக்கிறது; ஜூன் தேர்வு எழுதுபவர்களுக்கு இலவசப் பாட உதவி அதில் உண்டு. 'நூறு சதவீதம் தேர்ச்சி உறுதி' என்று பலகை வைத்துப் பணம் கேட்கும் தனியார் நிலையங்களைப் பற்றி ஒரு சொல்: உமலூசியின் அங்கீகாரம் இருக்கிறதா, பிள்ளை எந்தத் தேர்வு மையத்தில் எழுதுவான் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

இதுவரை சொன்னது சான்றிதழைக் கையில் வாங்குவதற்கான வழி. இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. முப்பதைத் தொட்டுத் தேறினால் கிடைப்பது மெட்ரிக்கின் அடிப்படைத் தேர்ச்சி. அதை வைத்து ஓராண்டு உயர்நிலைச் சான்றிதழ் படிப்பில் சேரலாம். டிப்ளமோவில் சேர முடியாது. டிப்ளமோவுக்கு லைஃப் ஓரியன்டேஷன் நீங்கலாக நான்கு பாடங்களில் 40 வேண்டும், பட்டப் படிப்புக்கு நான்கு பாடங்களில் 50. இப்போது ஆங்கிலமும் லைஃப் சயன்ஸும் நாற்பதுக்கு மேலே இருக்கின்றன. புவியியலில் இரண்டு சதவீதமும் ஆஃப்ரிகான்ஸில் ஆறு சதவீதமும் ஏறினால் நான்கு பாடங்கள் ஆகிவிடும். அதனால் ஜூனில் பிசிக்கல் சயன்ஸோடு இந்த இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்வேன். புவியியலுக்குத் தேவை மொத்தம் எட்டு மதிப்பெண். இரண்டு தாளிலும் வரைபடப் பகுதிக்கு முப்பது முப்பது மதிப்பெண் இருக்கிறது. தூரம், சாய்வு, திசைக்கோணம் கணக்கிடுவதைப் பழகினால் அங்கேயே கிடைத்துவிடும். ஆஃப்ரிகான்ஸில் இருபத்து நான்கு மதிப்பெண் தேவை, அது கொஞ்சம் கனமானது. அதில் கட்டுரையும் கடிதமும் எழுதும் மூன்றாம் தாள் மட்டும் நூறு மதிப்பெண். வீட்டில் தமிழ், தெருவில் ஆங்கிலம், நண்பர்களோடு கொஞ்சம் சூலு என்று வாழும் பிள்ளைக்கு ஆஃப்ரிகான்ஸ் காதில் விழும் இடமே டர்பனில் குறைவு. ஆகையால் வாரம் ஒரு கட்டுரை எழுதித் திருத்தி வாங்க ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். டியூஷனுக்குச் செலவழிப்பதாக இருந்தால் இதற்குச் செலவழியுங்கள். மூன்று பாடங்கள் பாரமாகத் தெரிந்தால் ஆஃப்ரிகான்ஸை நவம்பருக்கு விட்டுவிடலாம்.

கணிதம் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பையனைக் கணினிப் பொறியாளனாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 21 இல் நிற்கும் கணிதம் ஜூனுக்குள் அந்த இடத்துக்கு ஏறாது. பொறியியலுக்குக் கேட்கும் அளவுக்கு வர வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்திலிருந்து மறுபடி கட்டி எழுப்ப வேண்டும். ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு ஆகும். முடியாது என்று சொல்லவில்லை, செய்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசை அவனுடையதா உங்களுடையதா என்பதை வீட்டில்தான் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கேள்வியில் அவன் என்ன விரும்புகிறான் என்று ஒரு வரிகூட இல்லை. கணிதத்தை விட்டுவிட்டு, அன்றாடக் கணக்குகளை மட்டும் கற்பிக்கும் மேத்தமேட்டிக்கல் லிட்டரசி பாடத்துக்கு மாறலாமே என்று சிலர் சொல்வார்கள். புதுப் பாடத்துக்குப் பள்ளி மதிப்பெண்ணைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பதால் ஜூனுக்கு அது உதவாது.

கை வேலையில் நாட்டம் உள்ளவனாக இருந்தால் அரசின் டிவெட் எனப்படும் தொழிற்கல்விக் கல்லூரிகள் இருக்கின்றன. டர்பனில் தெக்வினி, கோஸ்டல் என்ற இரண்டு கல்லூரிகளுக்கும் பல வளாகங்கள் உண்டு. மின்சாரம், பொறியியல், கணினி ஆகியவற்றில் தேசியத் தொழிற்சான்றிதழ் படிக்கலாம். ஒன்பதாம் வகுப்புத் தேறியவர்களே சேரக்கூடிய படிப்பு என்பதால் மெட்ரிக் தவறியது தடையில்லை. இரண்டாம் நிலையில் தொடங்கி நான்காம் நிலை முடிய மூன்று ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு மறுபடி கீழிருந்து தொடங்குகிறோமே என்ற சலிப்பு பிள்ளைகளுக்கு வருவது உண்மை. கல்லூரியில் சேர்ந்தாலும் ஜூன் தேர்வை விடக் கூடாது. பண உதவிக்கு என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவித் திட்டம் இருக்கிறது, ஆனால் அது இந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. உங்கள் விசா எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. கணவரின் பணி விசாவைச் சார்ந்து பையன் இருந்தால், பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு அவன் எந்த அனுமதியில் இருக்கிறான் என்பதைக் கோயில் நிர்வாகத்திடம் கேட்டுக் கையோடு சரி செய்யுங்கள். இதில் நான் வல்லுநன் இல்லை. குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

தமிழை ஒரு பாடமாகச் சேர்ப்பது பற்றி. மெட்ரிக் பாடப்பட்டியலில் தமிழ் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்டாய மொழிகளும் இந்நாட்டு ஆட்சிமொழிகளாக இருக்க வேண்டும். ஆஃப்ரிகான்ஸுக்குப் பதிலாகத் தமிழை வைக்க முடியாது. விருப்பப் பாடமாக எடுக்க நினைத்தால் அதைப் பத்தாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இளைய மகள் இருக்கிறாள் என்றீர்களே, அவளுக்கு வேண்டுமானால் இப்போதே யோசியுங்கள். ஊருக்கு அனுப்பும் யோசனையைத் தள்ளி வையுங்கள். இந்தியப் பல்கலைக்கழகம் எதுவானாலும் வெளிநாட்டுச் சான்றிதழுக்கு இணைத்தன்மை கேட்கும். அதைத் தேறிய சான்றிதழுக்குத்தான் தருவார்கள். தவறிய முடிவோடு அனுப்பினால் அங்கே பள்ளியிலும் சேர்க்காமல் கல்லூரியிலும் சேர்க்காமல் நிற்பான். எங்கே போவதானாலும் முதலில் இங்கே தேற வேண்டும்.

பையன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பிடுவதில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முதல் வரியாக வந்திருக்க வேண்டும் என்று பட்டது. பத்திரிகைகள் இப்போது பெயர் போடுவதில்லை, தேர்வு எண்ணை மட்டுமே போடுகின்றன. ஆனாலும் கோயில் குடும்பத்துப் பிள்ளை மறைந்துகொள்ள இடம் இல்லை. முடிவு வருவது பொங்கலை ஒட்டி. அதன் பிறகு தைப்பூசக் காவடிக்கு ஊரே கூடுகிறது, பிரசாதம் வாங்க வருகிற ஒவ்வொருவரும் 'தம்பிக்கு எத்தனை டிஸ்டிங்ஷன்' என்று கேட்கிறார்கள். இந்த ஆண்டு அவனைச் சன்னிதியில் நின்று தட்டு ஏந்தச் சொல்லாதீர்கள். அவன் அப்பாவே யாராவது கேட்டால் 'ஜூனில் மறுபடி எழுதுகிறான்' என்று நிதானமாகச் சொல்லட்டும். அப்பா தயங்காமல் சொல்வதை ஒருமுறை கேட்டுவிட்டால் பையனுக்கு மூச்சு வரும். தூக்கம் போய், யாரோடும் பேசாமல், 'நான் இருந்து என்ன பயன்' என்ற மாதிரிச் சொல் ஏதாவது வாயில் வந்தால், படிப்புப் பேச்சை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல உதவி தரும் சாடாக் அமைப்பின் இலவச எண் 0800 567 567. நீங்களே அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். இந்த விஷயத்தில் ஆசிரியரின் அனுபவம் போதாது.

ஜூன் தேர்வின் முடிவு வழக்கமாக ஆகஸ்டில் வந்துவிடுகிறது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் சிஏஓ என்னும் மைய அலுவலகம் வழியாகப் போகிறது; பெரும்பாலான படிப்புகளுக்குச் செப்டம்பர் இறுதிதான் கெடு. பலர் நவம்பர் முடிவு வராமல் விண்ணப்பிக்கும்போது, உங்கள் மகன் கையில் முடிவோடு விண்ணப்பிப்பான். நாற்பது வந்த நான்கு பாடங்கள் கையில் இருந்தால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிப்ளமோக்களில் கணிதம் கேட்காதவற்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு பாதி, ஒப்பந்தக் கூலியாக இந்நாட்டுக்கு வந்து பொருள் சேர்த்த எம். எல். சுல்தானின் நன்கொடையால் 1946 இல் இந்தியப் பிள்ளைகளுக்காக எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி. 2002 இல்தான் மற்றொரு கல்லூரியோடு இணைந்தது. சேர்க்கைக்கு ஒவ்வொரு துறையும் தனித்தனி நிபந்தனை வைத்திருக்கிறது, அதனால் கையேட்டைப் பதிவிறக்கி அவனையே படிக்கச் சொல்லுங்கள். பள்ளி மதிப்பெண் விவரம் கிடைத்ததும் இங்கே எழுதினால், ஜூன் வரைக்கும் எந்த வாரம் எதைப் படிப்பது என்று பிசிக்கல் சயன்ஸுக்கு மட்டும் நான் அட்டவணை போட்டுத் தருகிறேன்.